முதல் ரேடியோ கிளைடர்: வாங்கும் முன் கேட்டவர்களும் வாங்கிய பின் கேட்டவர்களும்

பொம்மை ஹெலிகாப்டர் வாங்கி ஏமாந்த வாசகர் ஒருவருக்குப் பதில் எழுதியபோது, "பறக்கிற பொருள்தான் வேண்டும் என்றால் ரேடியோவில் ஓட்டும் கிளைடரிலிருந்து தொடங்குங்கள்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். கிளைடர் என்றால் காற்றில் மிதந்து பறக்கும் விமான மாடல்; ரேடியோ என்றால் அதை ஓட்டக் கையில் பிடிக்கும் ரிமோட். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. இந்த முறை முழுக்க அவைதான். இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: பதினோராம் வகுப்புப் படிக்கும் மகள் கிளைடர் கேட்கிறாள். கடையில் ஒரு மீட்டர், இரண்டு மீட்டர், மரம், ஃபோம் என்று அடுக்குகிறார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எதை வாங்குவது? (ஈரோடு)

பதில்: இரண்டு மீட்டர் இறக்கை, ஃபோம், மூக்கில் மோட்டார், மூன்று சேனல் (ரேடியோவிலிருந்து தனித்தனியாக இயக்கக்கூடிய மூன்று கட்டுப்பாடுகள்). கடையில் இப்படியே கேளுங்கள். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

சின்னதுதான் பழக எளிது என்று தோன்றுவது இயல்பு. கிளைடரில் அது செல்லாது. 80 சென்டிமீட்டர் இறக்கை உள்ளது லேசான காற்றுக்கே தத்தளிக்கும், விரல் பட்டாலே வெடுக்கென்று திரும்பும். கொஞ்சம் தள்ளிப் போனால் நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்றே தெரியாது. 1.8 முதல் 2 மீட்டர் இறக்கையும் ஒரு கிலோவுக்குள் எடையும் இருந்தால் நிதானமாகப் பறக்கும். தப்பு செய்தால் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும்.

விமானத்தை முன்பக்கம் இருந்து பாருங்கள். இறக்கைகள் முனையை நோக்கி மேலே எழும்பியிருக்க வேண்டும். அப்படி இருந்தால், ஒரு பக்கம் சாயும்போது விமானம் அந்தப் பக்கமாகச் சறுக்கும். தாழ்ந்த இறக்கையில் காற்று கூடுதல் கோணத்தில் பட்டு அதைத் தூக்கிவிடும். மகள் பதறிப்போய் ஸ்டிக்கிலிருந்து விரலை எடுத்தால்கூடப் பெரும்பாலும் தானே நேராகிக்கொள்ளும். ஈ-ஃப்ளைட் ரேடியன் இந்த வகை. மல்டிப்ளெக்ஸ் ஈஸி கிளைடர், வோலான்டெக்ஸ் ஃபீனிக்ஸ் 2000 போன்றவற்றில் இறக்கையில் ஐலரானும் (விமானத்தைச் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) உண்டு. பக்கத்தில் நின்று சொல்லித்தர ஆள் இருந்தால் அவையும் சரி.

பால்சா மரத்தில் செய்தது அழகுதான். ஆனால் முதல் மாதத்தில் அது எப்படியும் விழும். ஈ.பி.ஓ. என்ற வகை ஃபோம் உடைந்தால் ஃபெவிக்விக் போட்டு ஒட்டி அன்றைக்கே பறக்கவிடலாம். அதே பசை சாதாரண வெள்ளைத் தெர்மோகோலில் பட்டால் கரைத்துவிடும், அதை மட்டும் கவனியுங்கள்.

கேள்வி: மோட்டார் வைத்தால் அது எப்படி கிளைடர் ஆகும்? மோட்டார் இல்லாததையே வாங்கிப் பழகலாம் என்று இருக்கிறேன். (திண்டுக்கல்)

பதில்: முதலாவதற்கு மோட்டார் வேண்டும். சமதரையில் மோட்டார் இல்லாமல் மேலே ஏற்ற, ரப்பர் குழாயையும் நூறு மீட்டருக்கு மேல் நூலையும் இழுத்துக் கட்டி எய்ய வேண்டும். அதற்குத் தடையே இல்லாத நீளமான மைதானமும் உதவிக்கு ஆளும் வேண்டும். மோட்டார் இருந்தால் அரை நிமிடத்தில் மேலே போய்விடும். நிறுத்தியதும் புரொப்பெல்லர் மடங்கி மூக்கோடு ஒட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் அது முழுக் கிளைடர். பருந்து இறக்கை அடிக்காமல் வட்டமிடும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். வெயிலில் காய்ந்த தரையிலிருந்து எழும் சூடான காற்று உங்கள் கிளைடரையும் தூக்கும். காற்று கிடைக்காவிட்டால் மறுபடி மோட்டார். ஒரு சார்ஜில் இப்படிப் பல தடவை ஏறலாம், அத்தனை தடவை தரையிறங்கவும் பழகலாம்.

கேள்வி: எட்டு வயதுப் பையனுக்கு வாங்கலாமா? (விருதுநகர்)

பதில்: இப்போது வேண்டாம். கையால் எறியும் ஃபோம் கிளைடர் வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: இணையத்தில் 14,000 ரூபாய்க்கு ஒரு கிளைடர் வாங்கினேன். பெட்டியைத் திறந்தால் ரிமோட்டும் இல்லை, பேட்டரியும் இல்லை. இது மோசடிதானே? விளம்பரப் படத்தை இணைத்திருக்கிறேன். (சேலம்)

பதில்: மோசடி இல்லை. நீங்கள் அனுப்பிய படத்தின் தலைப்பிலேயே பி.என்.பி. என்று பெரிதாக இருக்கிறது. அதற்குக் கீழே "டிரான்ஸ்மிட்டர், ரிசீவர், பேட்டரி, சார்ஜர் தனி" என்றும் போட்டிருக்கிறார்கள். பதினான்காயிரம் கொடுக்கிறவர் அந்த ஒரு வரியைப் படித்திருக்க வேண்டாமா? கடைக்காரர் மீது புகார் எழுதித் தரச் சொல்கிறீர்கள். எழுத மாட்டேன்.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆர்.டி.எஃப். என்றால் ரேடியோ, பேட்டரி, சார்ஜர் எல்லாம் பெட்டியில் இருக்கும். பி.என்.எஃப். என்றால் விமானத்துக்குள் சிக்னலை வாங்கும் ரிசீவர் வரை உள்ளே இருக்கும், அதோடு பேசக்கூடிய டிரான்ஸ்மிட்டர், அதாவது ரேடியோ, நம்மிடம் இருக்க வேண்டும்; பேட்டரி உண்டா என்று தனியாகக் கேட்க வேண்டும். பி.என்.பி. என்றால் விமானத்தோடு மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி., வால் போன்றவற்றை அசைக்கும் சர்வோ மட்டும். ஏ.ஆர்.எஃப். என்றால் பெரும்பாலும் வெறும் உடம்பும் இறக்கையும். வாங்கியதைத் திருப்பி அனுப்பாதீர்கள், நல்ல விமானம்தான். ரேடியோ பற்றிக் கீழே ஓசூர் வாசகருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி: விளம்பரத்தில் இரண்டு மீட்டர் கிளைடர் வானத்தில் பறக்கிற வீடியோ. 2,999 ரூபாய், பொருள் கைக்கு வந்ததும் பணம். வந்தது முழ நீளத்துக்கு ஒரு தெர்மோகோல் பொம்மை. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்கிறார்கள். ஓய்வூதியத்தில் பேரனுக்காக வாங்கியது. (மதுரை)

பதில்: ஐயா, இதில் உங்கள் தவறு ஒன்றுமில்லை. இரண்டு மீட்டர் என்று காட்டி முழ நீளத்தை அனுப்பியது அவர்கள். "திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அடித்துவிட்டால் சட்டம் ஒதுங்கிப் போய்விடாது. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதே 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு.

இன்றைக்கே செய்ய வேண்டியது: விளம்பரம் மறைவதற்குள் அதைப் படம் எடுத்து வையுங்கள். பொம்மையின் மேல் அளவு நாடாவை வைத்து, பெட்டியின் முகவரிச் சீட்டும் தெரிகிற மாதிரி ஒரு படம். அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லவும் ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் அவர் கடமைப்பட்டவர். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமே கிடையாது, வக்கீல் வைத்தாக வேண்டும் என்றும் இல்லை. பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது என்பதெல்லாம் இருக்கிறதா பாருங்கள். சிறுவர் பொம்மை என்றால் 2021 ஜனவரியிலிருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். எது இல்லையோ அதையும் புகாரில் சேருங்கள். எழுதுவதில் சிரமம் இருந்தால் எனக்கு அனுப்புங்கள், புகாரை நானே எழுதித் தருகிறேன்.

கேள்வி: தெரிந்த கடையில் ஒரு கிளைடர் 30 சதவீதத் தள்ளுபடியில் கிடைக்கிறது. கடைசி ஒன்றுதான் இருக்கிறதாம், கம்பெனி நிறுத்திவிட்ட மாடல். வாங்கிப் போடலாமா? (கரூர்)

பதில்: வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தொழிலில் என்னை மிகவும் வருத்தும் விஷயம் இதுதான்.

புதிதாகப் பழகுகிறவரின் கிளைடரில் எது உடையும் என்பதில் ரகசியமே இல்லை. முதலில் புரொப்பெல்லர் பிளேடு, அப்புறம் அதைப் பிடித்திருக்கும் ஸ்பின்னர், மோட்டார் தண்டு, வால். மூக்கு நசுங்கும். சர்வோவில் பிளாஸ்டிக் பல் உடையும். விமானம் விற்கிற எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தும் பெட்டியை மட்டும் விற்றுவிட்டு, உதிரிக்கு வந்து நிற்கிறவரிடம் "ஸ்டாக் இல்லை, புதுசு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். முந்நூறு ரூபாய்ப் பொருள் இல்லாததால் பதினைந்தாயிரம் ரூபாய் விமானம் பரணுக்குப் போகிறது. அதோடு அந்தப் பிள்ளையின் ஆசையும் முடிந்துவிடுகிறது. மோட்டார் பைக் விற்கிறவர் பிரேக் கட்டை கிடைக்காது என்று சொன்னால் நாம் சும்மா இருப்போமா?

எனக்கும் இது நடந்திருக்கிறது. நல்ல கிளைடர், இதே போலத் தள்ளுபடி. தரையிறங்கும்போது ஒரு வரப்பில் தட்டி வால் பிய்ந்தது. வால் மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. ஃபோம் வாங்கி வெட்டி ஒட்டினேன், எடை பின்னால் ஏறிப்போய் அது மறுபடி ஒழுங்காகப் பறக்கவே இல்லை.

அதனால் கடைக்குப் போனால் விமானத்தைப் பார்ப்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: "இதற்கு வால், இறக்கை, பிளேடு தனியாக இருக்கிறதா? கையில் எடுத்துக் காட்டுங்கள்." வரவழைத்துத் தருகிறேன் என்ற பேச்சு வேண்டாம். கையில் காட்டினால் அந்தக் கடையிலேயே வாங்குங்கள், ஆயிரம் ரூபாய் கூடுதலானாலும் பரவாயில்லை. அன்றே இரண்டு ஜோடி பிளேடும் ஒரு சர்வோவும் சேர்த்து எடுத்துவிடுங்கள். உதிரியை அடுக்கி வைத்து விற்கும் சில கடைக்காரர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்கள் நிலைக்க வேண்டும்.

கேள்வி: பெட்டியோடு வரும் ரேடியோ போதுமா, தனியாக வாங்க வேண்டுமா? (ஓசூர்)

பதில்: கொஞ்சம் பணம் இருந்தால் தனியாக. விமானம் உடையும், மாறும். நல்ல ரேடியோ பல வருடம் உங்களோடு இருக்கும். ஆறு சேனலுள்ள ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 இன்றும் போதுமானது. ரேடியோமாஸ்டர் பாக்கெட் இன்னும் நல்லது, அதை ஒரு யூ.எஸ்.பி. வயரில் கணினியோடு இணைத்து, திரையில் பறக்கவிட்டுப் பழகும் சிமுலேட்டரில் பழகலாம். பிகாசிம் என்ற கிளைடர் சிமுலேட்டர் இலவசமாகவே கிடைக்கிறது. வாங்கும்போது மோட் 2 கேளுங்கள். மோட்டார் விசை இடது கையில் இருக்கும். உங்களுக்குச் சொல்லித்தரப் போகிறவர் மோட் 1 என்றால் மட்டும் அவர் வழியில் போங்கள்.

கேள்வி: ஜைரோ (விமானம் ஆடாமல் நிலைப்படுத்தும் கருவி) உள்ள கிளைடர் வாங்கினால் சிமுலேட்டரில் பழக வேண்டாம்தானே? (நாகர்கோவில்)

பதில்: பழகியே ஆக வேண்டும்.

கேள்வி: 2200 எம்.ஏ.எச். லிப்போ பேட்டரி ஒரு கடையில் 1,900, இன்னொன்றில் 950. இரண்டிலும் ஒரே எண்தான் போட்டிருக்கிறது. (திருச்சி)

பதில்: எம்.ஏ.எச். என்பது பேட்டரி எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்பதன் அளவு. அந்த எண்ணை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். கடையில் ஒரு சின்னத் தராசு கேளுங்கள். மூன்று செல் 2200 பேட்டரி ஏறக்குறைய 170 முதல் 190 கிராம் இருக்கும். 130 கிராம்தான் காட்டுகிறது என்றால் உள்ளே அவ்வளவு சரக்கு இல்லை. நான் பாதி விலைக்கு வாங்கிய ஒன்று, சார்ஜரில் போட்டால் எழுதியிருந்ததில் பாதியைச் சற்றே தாண்டியதும் நிரம்பிவிட்டது. சில வாரத்தில் உப்பியும் போனது.

சார்ஜரில் சிக்கனம் வேண்டாம். ஒவ்வொரு செல்லையும் சமப்படுத்தும் பேலன்ஸ் சார்ஜர்தான் வேண்டும். 2200க்கு 2.2 ஆம்பியர் வைத்தால் போதும். பறக்காத வாரங்களில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள். வெயிலில் நிற்கும் காரிலோ ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலோ வைக்கவே கூடாது. உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் போடாதீர்கள், தீப்பிடிக்கும்.

கேள்வி: வீடு சூலூரில். விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்தில் நல்ல காலி இடம் இருக்கிறது. ஆடி மாதம் லீவு கிடைக்கும், அப்போது தொடங்கலாமா? (கோவை)

பதில்: அந்த இடத்திலும் வேண்டாம், அந்த மாதத்திலும் வேண்டாம். ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் ஊரைத் திறந்து பாருங்கள். சிவப்பு என்றால் கூடாது, மஞ்சள் என்றால் அனுமதி வேண்டும், பச்சை என்றால் 400 அடி வரை. அந்தப் பச்சையிலும் விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிதான். விளையாட்டுக்குப் பறக்கவிடும் 25 கிலோவுக்கு உட்பட்ட மாடலுக்கு 2021 ட்ரோன் விதிகள் வகைச் சான்று (அந்த மாடல் வகையைச் சோதித்துத் தரும் சான்று) கேட்பதில்லை. ஆனால் கண்ணுக்கு எட்டும் தூரத்துக்குள்தான் ஓட்ட வேண்டும், வான்வெளிக் கட்டுப்பாடும் உண்டு.

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக உங்கள் பக்கம் அடிக்கும் அந்தக் காற்றில் ஒரு கிலோ ஃபோம் முன்னேறவே திணறும், பின்னால் அடித்துக்கொண்டு போய்விடும். காற்று அடங்கிய மாதத்தில், காலை ஏழு மணிவாக்கில், மரமும் மின்கம்பியும் இல்லாத இடத்தில் தொடங்குங்கள்.

கேள்வி: பழைய கிளைடர் ஒன்றை ரேடியோவோடு சேர்த்து 9,000 ரூபாய்க்குத் தருகிறார். 2,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். ஞாயிறன்று போய் எடுக்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்? (தஞ்சாவூர்)

பதில்: பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்திருக்கலாம். சரி, இனி செய்வதைச் சொல்கிறேன்.

பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இறக்கையைக் கழற்றி, அடிப்பக்கத்தில் விரலை மெதுவாக ஓட்டுங்கள். ஒட்டிய இடம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்கு வரம்பு போலத் தட்டுப்படும். மேலே புது ஸ்டிக்கர் இருந்தால் அதற்கு அடியில் என்ன என்று கேளுங்கள். உள்ளே போகும் கார்பன் குழாயை உருவி, வெளிச்சத்தில் சுழற்றிப் பாருங்கள். நீளவாக்கில் மயிரிழை வெடிப்பு இருந்தால் மோட்டாரை முழு விசையில் வைத்து ஏறும்போது இறக்கை மடங்கிவிடும். பிறகு புரொப்பெல்லரைக் கழற்றச் சொல்லிவிட்டு ரேடியோவைப் போடுங்கள். ஸ்டிக்கை நடுவில் விட்டால் சர்வோ அசையாமல், சத்தமில்லாமல் நிற்க வேண்டும். வாலைக் கையால் லேசாக ஆட்டினால் தளர்வு தெரியும்.

பேட்டரி எத்தனை வருடம் ஆனது என்று அவர் சொன்னாலும் அதற்கு விலை போடாதீர்கள், புதிதாகத்தான் வாங்க வேண்டியிருக்கும். கடைசியாக, உங்கள் கண் முன்னால் ஒரு முறை பறக்கவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். காற்று சரியில்லை, மைதானம் இல்லை என்று தட்டிக்கழித்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். அன்றைக்கும் மறுத்தால் முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.