ஏரிக்கு வந்த கடற்பறவை விருந்தாளி அல்ல

கேள்வி: கடலிலிருந்து வெகு தொலைவில் உள்ள ஏரிகளில் அரிய கடற்பறவைகள் தென்படுவதாக அடிக்கடி படிக்கிறேன். கடல் கெட்டுவிட்டதால் அவை நன்னீர் தேடி இடம் மாறுகின்றன என்று கொள்ளலாமா? அப்படி ஒரு பறவை வந்தால், எல்லோரும் பார்க்கும்படி இடத்தை உடனே அறிவிப்பதுதானே முறை?

பதில்: இல்லை, இரண்டாவது கேள்விக்கும் பெரும்பாலும் அதே பதில்தான்.

கடல் மாசுபட்டிருப்பது உண்மை. ஆனால் ஏரியில் வந்திறங்கிய பெட்ரல் என்னும் கடற்பறவை ஒன்றை அதற்குச் சாட்சியாக நிறுத்த முடியாது. பெட்ரல்களும் அவற்றின் உறவினமான ஷியர்வாட்டர்களும் இனப்பெருக்கத்துக்கு மட்டுமே கரையேறுபவை. கால்கள் உடலின் பின்புறத்தில் அமைந்திருப்பதால், அவற்றுள் பெரும்பாலானவை தரையில் சரியாக நடக்கவோ எளிதில் எழும்பவோ இயலாதவை. அத்தகைய பறவை நிலத்தை விரும்பித் தேடி வருவதில்லை. ஜப்பானில் கூடு கட்டும் கோடிட்ட ஷியர்வாட்டர்களைக் கருவி பொருத்திப் பின்தொடர்ந்து 2022இல் வெளியான ஆய்வு ஒன்று, புயலுக்கும் நிலத்துக்கும் இடையில் அகப்படும்போது அவை சில வேளைகளில் புயலின் கண்ணை நோக்கியே பறக்கின்றன என்று காட்டியது. கரைமீது அடித்துச் செல்லப்படாமல் தப்புவதற்கே அவ்வாறு செய்கின்றன என்பது ஆய்வாளர்களின் கருத்து.

தப்ப முடியாதவையே நம் கண்ணில் படுகின்றன. 1952ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் அட்லாண்டிக் புயற்காற்றில் சிக்கிய ‘லீச் புயல் பெட்ரல்’ என்ற இனப் பறவைகள் பிரிட்டனின் உட்பகுதிகள் வரை சிதறி, ஆயிரக்கணக்கில் மடிந்தன. 1996 செப்டம்பரில் ஃப்ரான் சூறாவளி கடந்தபின், அமெரிக்காவில் வர்ஜீனியாவுக்கும் வட கரோலினாவுக்கும் இடையிலுள்ள கெர் நீர்த்தேக்கத்தின் மேல், ஆழ்கடலுக்கே உரிய பெட்ரல்கள் பறந்துகொண்டிருந்தன.

எல்லா வரவும் புயலால் நேர்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்குவா என்னும் கடற்பறவைகளில் சில இனங்கள் வலசையின்போது கண்டங்களைக் குறுக்காகவே கடக்கின்றன. வழியில் மழையோ எதிர்க்காற்றோ மறித்தால் ஏரியில் இறங்குகின்றன. மேலும், புயல் ஓய்ந்ததும் நீர்த்தேக்கங்களுக்கு விரையும் பார்வையாளர்கள் பெருகினால் பதிவுகளும் பெருகும். ஆகவே பதிவுகள் கூடியதை மட்டும் வைத்துப் பறவைகளின் வாழிடம் மாறிவிட்டது என முடிவுகட்டுவது தவறு.

இனி, அறிவிப்பதைப் பற்றி. பதிவு செய்யுங்கள்; நாள், நேரம், காற்றின் திசை, பறவை பறந்த திசை, புயல் கடந்த பாதை ஆகியவற்றோடு தெளிவான படமும் இருந்தால் அது பல ஆண்டுகளுக்குப் பயன்படும். வானில் வட்டமிடும் ஃப்ரிகேட் பறவையை எத்தனை பேர் தொலைவில் நின்று பார்த்தாலும் கேடில்லை. (அதன் இறகுகள் எளிதில் நனைந்துவிடும் என்பதால், ஏரி எவ்வளவு பரந்திருந்தாலும் அது நீரில் அமர்ந்து இளைப்பாற இயலாது.) ஆனால் களைத்துக் கரையில் ஒடுங்கியிருக்கும் பறவையின் துல்லியமான இடத்தை ஊரறியச் சொல்லாதீர்கள். அதை ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் எஞ்சியிருக்கும் வலுவில் ஒரு பங்கைப் பறிக்கிறோம். ஒரு படத்துக்காக அதைச் செய்ய எவருக்கும் உரிமை இல்லை.

தரையில் கிடக்கும் பறவையைப் பறக்க வைப்பதாக எண்ணி வானில் வீசுவதும், வாயில் நீரூற்றுவதும், ஏரியில் விடுவதும் அதைக் கொன்றுவிடக்கூடும். வனத்துறைக்கோ பறவை மறுவாழ்வு மையத்துக்கோ உடனே தெரிவியுங்கள். எடுத்தே ஆக வேண்டுமென்று அவர்கள் சொன்னால், கையுறை அணிந்து, காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டான, அமைதியான இடத்தில் வையுங்கள். பறவைக் காய்ச்சல் கடற்பறவைகளிடையே பரவியுள்ள இக்காலத்தில் வெறுங்கையால் தொடக் கூடாது. இறந்துவிட்டிருந்தாலும் காலில் ஆய்வாளர்கள் மாட்டிய அடையாள வளையம் உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் அதிலுள்ள எண்ணைப் படமெடுத்து, வளையமிட்ட அமைப்புக்கு அனுப்புங்கள். அந்தப் பறவை எங்கிருந்து வந்தது என்பதை உறுதியாகச் சொல்லக்கூடிய மிகச் சில சான்றுகளில் அந்த எண்ணும் ஒன்று.