துளி வடிவ ட்ரெய்லரை வீட்டில் கட்டலாமா? – நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி (மார்க்கம், ஒன்ராறியோ): நானும் மனைவியும் ஒவ்வொரு கோடையிலும் கூடாரத்தோடு அல்கொன்குயின் பூங்காவுக்குப் போய்வருகிறோம். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. தரையில் படுத்தெழும்ப இடுப்பு இடம் கொடுப்பதில்லை. காரின் பின்னால் இழுத்துப்போகும், இருவர் படுக்கக்கூடிய, பின்பக்கம் சமையலறை உள்ள துளி வடிவ ட்ரெய்லர் ஒன்றைப் பார்த்தோம். 18,000 டொலர், வரி புறம்பு என்கிறார்கள். வீட்டில் கராஜ் இருக்கிறது, தச்சுவேலையும் ஓரளவு தெரியும். நானே கட்டினால் மிச்சம் வருமா? எங்கள் சிறிய எஸ்யூவி 680 கிலோ வரை இழுக்கும் என்று கையேட்டில் இருக்கிறது.

பதில்: மிச்சம் வரும். 18,000 டொலரோடு 13 வீத எச்எஸ்ரி விற்பனை வரி சேர்ந்தால் 20,340 டொலர். அதில் பெரும்பங்கு பிறர் கூலியும் கடைக்காரரின் இலாபமும். உங்கள் உழைப்புக்குக் கூலி போடாமல், அவசரப்படாமல் பொருள் வாங்கினால், அந்தத் தொகையில் பாதிகூட ஆகாது என்பது என் அனுபவம். ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் விலை எழுதியிருந்த வரியன்று. 680 என்ற எண்தான்.

அது வெறும் பெட்டியின் நிறையைச் சொல்லவில்லை. மெத்தை, தண்ணீர், பற்றரி, அடுப்பு, ஐஸ் நிரம்பிய குளிர்பெட்டி, பத்துக் கிலோ அரிசி எல்லாம் ஏறியபின் தராசு அதற்குமேல் காட்டக்கூடாது. அதே பக்கத்தில் வேறு நிபந்தனைகளும் இருக்கும். ட்ரெய்லரின் முன்முகப் பரப்பு இவ்வளவுக்கு மேற்படக்கூடாது என்று சில கையேடுகள் சொல்கின்றன. ஒன்ராறியோச் சட்டம் ட்ரெய்லருக்குத் தனிப் பிரேக் கேட்பது சுமையோடு 1,360 கிலோவிலிருந்துதான். ஆனால் கார் செய்தவர்கள் சிலர் 450 கிலோவைத் தாண்டினாலே கேட்கிறார்கள். இரண்டில் எது கடுமையோ அதைப் பின்பற்றுங்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் முழுச் சுமையோடு 500 கிலோ என்று எல்லை வைத்துக்கொள்வேன்.

இந்த எல்லையைக் கடதாசியில் எழுதாமல் நான் ஒருமுறை வேலை தொடங்கினேன். உறுதியாக இருக்கட்டும் என்று இரு பக்கச் சுவருக்கும் 18 மில்லிமீற்றர் பிளைவுட் வாங்கினேன். நாலடிக்கு எட்டடித் தாள் ஒன்று ஏறக்குறைய 30 கிலோ. 12 மில்லிமீற்றர் என்றால் 20 கிலோ, 6 மில்லிமீற்றர் 10 கிலோ. கட்டி முடித்து லொறிகள் நிறுக்கும் தராசில் ஏற்றியபோது, மெத்தைகூடப் போடாத பெட்டி என் கார் இழுக்கும் எல்லையை எட்டியிருந்தது. இரண்டு சுவரையும் கழற்றி மீண்டும் செய்தேன். வெளியே 6 மில்லிமீற்றர் பலகை, உள்ளே 3 மில்லிமீற்றர் பலகை, நடுவே மெல்லிய மரச் சட்டங்களும் நுரைப்பலகையும். சுவருக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் குறைந்தது. முன்பைவிட விறைப்பாகவும் நின்றது, ஏனென்றால் இரண்டு மெல்லிய பலகைகளை இடைவெளி விட்டு ஒட்டினால், அதே மரத்தை ஒரே தடிப்பாக வைத்ததைவிட அது வளைய மறுக்கும். பற்றரியிலும் இப்படி மிச்சம் பிடிக்கலாம். 100 ஆம்பியர்-மணி ஈயப் பற்றரி ஏறக்குறைய 30 கிலோ. அதே அளவு லித்தியம் இரும்பு பொஸ்பேற்று பற்றரி 12 கிலோ அளவில் நிற்கும். விலை கூடத்தான், ஆனால் சிறிய காருக்கு அந்தப் பணம் வீணில்லை.

இந்த ட்ரெய்லர்களின் நாலடி அகலம், எட்டடி நீளம் என்ற அளவே ஒரு தாள் பிளைவுட்டிலிருந்து வந்ததுதான். 1930களில் அமெரிக்காவில் தோன்றிய இந்த வண்டிக்கு ஆயுள் கொடுத்தவர்கள் வீட்டு முற்றத்தில் வெட்டி ஒட்டிய சாதாரண மனிதர்கள். போர் முடிந்ததும் 1947 செப்டெம்பரில் மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேற்றட் இதழ் முழு வரைபடத்தையே வெளியிட்டது. ஆகவே தச்சுவேலை ஓரளவு தெரிந்த உங்களால் முடியுமா என்று தயங்கவேண்டாம். இது தொடக்கத்திலிருந்தே உங்களைப் போன்றவர்களுக்கான வண்டி.

எதை வாங்குவது, எதைச் செய்வது? ட்ரெய்லரின் தரைப்பலகைக்குக் கீழே இருப்பதை வாங்குங்கள். மேலே இருப்பதைக் கட்டுங்கள். அச்சு, வில்தகடு, சில்லு, கொளுக்கி, பாதுகாப்புச் சங்கிலி, விளக்குகள் இவற்றைப் புதிதாக, நிறை எல்லை பொறித்த தகட்டோடு வாங்கவேண்டும். நாகம் (சிங்க்) பூசிய சட்டகம் கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தாவது எடுங்கள். நம் தெருக்களில் கொட்டும் உப்பு வெறும் இரும்பை விட்டுவைக்காது. கதவும் கூரை விசிறியும்கூட வாங்குவது நல்லது. மழை உள்ளே வருவது பெரும்பாலும் கையால் செய்த கதவின் ஓரத்தால்தான். பின்பக்கச் சமையல் மூடிக்கு, அகலம் முழுவதும் ஓடுகிற ஒற்றை அலுமினியப் பிணைச்சல் போடுங்கள். தனித்தனிப் பிணைச்சல்கள் போட்டால் அவற்றின் நடுவே தண்ணீர் இறங்கும்.

ஒரு பொருளும் வாங்குவதற்கு முன் அறியவேண்டியது கொளுக்கியின் மேல் விழும் நிறை. மொத்த நிறையில் 10 முதல் 15 வீதம் அங்கே அமுங்கவேண்டும். 500 கிலோ வண்டிக்கு 50 முதல் 75 கிலோ. குறைந்தால் நெடுஞ்சாலையில் வால் ஆடத் தொடங்கும், ஆடத் தொடங்கினால் அடக்குவது கடினம். துளி வடிவத்தில் சமையலறை பின்னால் இருப்பதால் பாரம் இயல்பாகவே பின்னுக்குப் போகிறது. அதனால் அச்சை நடுவுக்குச் சற்றுப் பின்னால் பொருத்துங்கள். தண்ணீரையும் பற்றரியையும் முன்னால் வையுங்கள். அளப்பதற்கு வீட்டில் உடல் நிறை பார்க்கும் தராசே போதும். தட்டையான தரையில் ட்ரெய்லரை நிறுத்தி, அதன் மூக்கு (கொளுக்கியில் மாட்டும் முனை) காரில் நிற்கும் உயரத்துக்கு ஒரு மரக்கட்டையைத் தராசின்மேல் நிறுத்தி, மூக்கை அதன்மேல் இறக்குங்கள். மூக்கில் விழும் இந்த நிறையைக் காரில் ஏறும் சுமையோடும் சேர்த்துக் கணக்கிடவேண்டும்.

இலக்கத் தகடு எடுக்கும்போது வீட்டில் கட்டியது என்று காட்டவேண்டியிருக்கும். திருகாணி வாங்கிய பற்றுச்சீட்டுவரை ஒரு கோப்பில் வைத்திருங்கள், கட்டும்போது எடுத்த படங்களையும் சேருங்கள். ட்ரெய்லருக்கு ஏதாவது நேர்ந்தால் உங்கள் கார்க் காப்புறுதி ஈடு தருமா என்பதை நிறுவனத்திடம் கேட்டு எழுத்தில் பெறுங்கள்.

கேள்வி (பிரம்ப்டன்): பெட்டியில் வரும், நாமே பூட்டிக்கொள்ளும் நாலடிக்கு எட்டடிச் சட்டகம் மலிவாகக் கிடைக்கிறது. 8 அங்குலச் சில்லு. போதுமா?

பதில்: ஊருக்குள் குப்பை ஏற்றிப் போகப் போதும். நெடுஞ்சாலை 400 இல் வடக்கு நோக்கி மூன்று மணிநேரப் பயணத்துக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். கணக்கைப் பாருங்கள். அந்தச் சில்லு டயரோடு 16 அங்குல விட்டம்தான். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,300 தடவை சுழலும். உங்கள் கார்ச் சில்லு 780 தடவை. அந்தச் சுழற்சியின் சூடு முழுவதும் சிறிய பெயாரிங்கில்தான் ஏறுகிறது. 12 அங்குலமாவது எடுங்கள். முதல் பயணத்தில் நிறுத்துமிடம் ஒவ்வொன்றிலும் சில்லின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். இளஞ்சூடு இருக்கலாம், சுட்டால் கிறீஸ் போதவில்லை. முதல் நூறு கிலோமீற்றருக்குள் சில்லு நட்டுகளை இன்னொரு தடவை முறுக்குங்கள்.

பாவித்த சட்டகம் வாங்குவதானால் டயர்ப் பக்கச் சுவரில் DOT என்ற எழுத்துகளோடு வரும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். டயரின் பூ (வரிப்பள்ளங்கள்) தேயாமல் இருந்தாலும் ரப்பர் வயதாகும். ஒரு மூலையில் ஆண்டுக்கணக்கில் நின்ற ட்ரெய்லரின் டயருக்குப் புதுத் தோற்றம் மட்டுமே மிஞ்சியிருக்கும். அந்தச் செலவையும் சேர்த்தே விலை பேசுங்கள்.

கேள்வி (ஏஜாக்ஸ்): பிளைவுட்டே இல்லாமல் நுரைப்பலகையை ஒட்டி, மேலே கன்வஸ் துணி போர்த்தி, பெயின்ற் பூசிக் கட்டுகிறார்களாமே. நம் குளிரைத் தாங்குமா?

பதில்: ஒழுங்காகச் செய்தால் தாங்கும், நிறை குறைக்க அதைவிட மலிவான வழியும் இல்லை. இரண்டு அங்குல எக்ஸ்பிஎஸ் (அடர்த்தியான பொலிஸ்டைரீன்) நுரைப்பலகைத் தாள் ஒன்று நான்கு கிலோதான். குளிரையும் நன்றாகத் தடுக்கும். துணியைத் தண்ணீர் தாங்கும் மரப்பசையில் நனைத்துப் படியவைத்து, காய்ந்தபின் வெளிச்சுவர்ப் பெயின்றைப் பல பூச்சுகளாகப் பூசுவார்கள். இரண்டு எச்சரிக்கைகள். பொலியெஸ்டர் றெசின் அந்த நுரையைக் கரைத்துவிடும், எபொக்சிப் பசை கரைக்காது. டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் எந்தப் பசையையும் வாங்கவேண்டாம். அடுத்தது, நுரையில் திருகாணி பிடிக்காது. கதவு, பிணைச்சல், விசிறி, அலமாரி வரும் இடங்களில் முன்கூட்டியே மரத்துண்டுகளைப் புதைத்துவிடவேண்டும். ஓரங்களுக்குச் சிலிக்கோன் பூசாதீர்கள். அதன்மேல் பெயின்ற் ஒட்டாது, பின்னர் திருத்தவும் விடாது. பியூற்றைல் நாடாவே (ஒட்டும் ரப்பர் நாடா) சரி.

மரத்தில் கட்டுபவர்களுக்கும் இதோடு ஒன்று: திருகாணித் துளையைப் பெரிதாகத் துளைத்து, எபொக்சியால் நிரப்பி, காய்ந்தபின் நடுவே சிறிதாகத் துளையுங்கள். துளைவழி தண்ணீர் இறங்கி, பனியில் உறைந்து, உருகி, மீண்டும் உறைந்து பலகையைப் பிளக்கும் வேலை அங்கேயே நின்றுவிடும். சலிப்பான வேலைதான், ஒரு சனிக்கிழமை முழுவதும் போகும். செய்யுங்கள்.

கேள்வி (மிசிசாகா): சிறிய பட்டறை ஒன்றில் வெறும் கூடு மட்டும் செய்துதரச் சொல்லி முற்பணம் கொடுத்தேன். சொன்ன திகதி போய் ஆறு வாரமாகிறது. இப்போது மதிப்பீட்டைவிடக் கால்வாசி கூடக் கேட்கிறார்கள்.

பதில்: ஒன்ராறியோவின் 2002 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இந்த இரண்டையும் தொடுகிறது. ஒப்பந்தத்தில் எழுதிய திகதியிலிருந்து 30 நாள் கடந்தும் பொருள் வரவில்லையென்றால், அது கைக்கு வரும்வரை நீங்கள் ஒப்பந்தத்தை இரத்துச் செய்து பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஒப்பந்தத்தில் மதிப்பீடு இருந்தால், கூடுதல் வேலைக்கோ புதிய விலைக்கோ நீங்கள் ஒப்புக்கொண்டாலன்றி, 10 வீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது. கவனம் ஒன்றில்தான்: "அடுத்த மாதம் தருகிறோம், இதில் கையெழுத்திடுங்கள்" என்பார்கள். எழுத்தில் புதிய திகதிக்கு இசைந்தால் 30 நாள் கணக்கு அந்தத் திகதியிலிருந்து தொடங்கும். வண்டி இன்னும் வேண்டும் என்றால், மதிப்பீட்டு விலையைச் சுட்டிக்காட்டி மின்னஞ்சல் எழுதுங்கள். வேண்டாம் என்றால், எதிலும் கையெழுத்திடாமல் இரத்துச் செய்வதாகவே எழுதுங்கள். தொலைபேசியில் மட்டும் பேசி விடாதீர்கள்.

கேள்வி (ஸ்காபரோ): செப்டெம்பர் இரவில் உள்ளே சிறிய எரிவாயு அடுப்பை ஏற்றிக் குளிர் காயலாமா? பயணத்தின்போது பிள்ளைகள் உள்ளே படுத்துக்கொண்டு வரலாமா?

பதில்: இரண்டும் கூடவே கூடாது. அந்தச் சிறிய இடத்தில் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு மணமில்லாமல் சேர்ந்து, தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். சமையல் பின்மூடியைத் திறந்து வெளியே நின்றுதான். உள்ளே அந்த வாயுவைக் கண்டறியும் ஓர் அலாரம் கட்டாயம், கூரை விசிறி இரவு முழுவதும் ஒரு விரற்கடை திறந்திருக்கட்டும். குளிருக்கு நல்ல உறக்கப் பை போதும். மின்வசதியுள்ள முகாமிடம் என்றால் மின்சாரக் கம்பளி விரிக்கலாம்.

ஓடும் ட்ரெய்லருக்குள் ஆட்களை ஏற்றுவது சட்டப்படியும் குற்றம். பிள்ளைகள் காரில், பட்டியோடு. அல்கொன்குயினில் கரடி உண்டு என்பதால், இரவில் உணவும் குளிர்பெட்டியும் பின்சமையலறையில் இருக்கக்கூடாது. அவையும் காருக்குள் போகட்டும், கதவைப் பூட்டிவிடுங்கள்.