எம்.பி.எச். சேரப்போகும் தங்கைக்கு: களப்பயிற்சி, ஆய்வு உதவியாளர் (ஆர்.ஏ.) வேலை, அறிமுகங்கள்

பல் மருத்துவம் முடித்துவிட்டு அமெரிக்காவில் எம்.பி.எச். (பொது சுகாதார முதுநிலைப் பட்டம்) படிக்க வரப்போகும் ஒரு தங்கை கேட்டிருந்தார்: "ஆராய்ச்சி, களப்பணி, நெட்வொர்க்கிங் எல்லாம் உண்டு என்று எல்லாப் பள்ளியும் சொல்கிறது. நிஜமாகவே கிடைக்குமா அக்கா? முதல் செமஸ்டரில் பாடத்தை மட்டும் கவனித்துவிட்டு, மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாமா? களப்பணிக்கு கார் வேண்டுமா?"

கிடைக்கும்மா. ஆனால் அந்த "அப்புறம்" மட்டும் வேண்டாம். நானும் அப்படித்தான் இருந்தேன். நல்ல மார்க் வாங்கினால் பேராசிரியரே கூப்பிடுவார் என்று நம்பி, முதல் செமஸ்டர் முழுக்க வாயைத் திறக்காமல் 'ஏ' வாங்கிக்கொண்டிருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. என்னைவிடக் குறைவாக வாங்கிய தோழி அக்டோபரிலேயே ஓர் ஆய்வுக் குழுவில் சேர்ந்துவிட்டாள். வகுப்பு முடிந்ததும் பேராசிரியரிடம் போய், "உங்கள் ஆய்வில் டேட்டா சுத்தம் செய்ய ஆள் வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான். நமக்குக் கேட்பதென்றால் கெஞ்சுவது மாதிரி ஒரு கூச்சம். இங்கே கேட்காதவருக்கு விருப்பம் இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மீதி எல்லாம் இதில் தொங்குகிறது. பொது சுகாதாரப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் செஃப் (CEPH) என்ற அமைப்பின் அங்கீகாரம் உள்ள எம்.பி.எச்.சில் களப்பயிற்சி கட்டாயம். எத்தனை மணி நேரம் என்பதை உங்கள் பள்ளி முடிவு செய்யும். செஃப் பார்ப்பது வேறு: நீங்கள் போன இடத்துக்குப் பயன்படும்படி குறைந்தது 2 படைப்புகள் செய்து தர வேண்டும், அவற்றில் குறைந்தது 5 திறன்கள் தெரிய வேண்டும். ஓர் அறிக்கை, ஒரு பயிற்சிக் கையேடு, ஒரு டேட்டா டேஷ்போர்டு, இப்படி.

நாம் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பதால் இன்னொரு முடிச்சும் உண்டு. வளாகத்துக்கு வெளியே பயிற்சிக்குப் போக சிபிடி (CPT), அதாவது படிப்பின் பகுதியாக வேலை செய்வதற்கான அனுமதி வேண்டும். பொதுவாக ஒரு கல்வியாண்டு முழுநேரம் படித்த பிறகுதான் அது கிடைக்கும். பயிற்சி தொடங்கும் தேதிக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். சம்பளம் இல்லாத பயிற்சி என்றாலும் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். முழுநேர சிபிடி 12 மாதம் ஆகிவிட்டால், பட்டம் வாங்கிய பிறகு வேலை செய்யக் கிடைக்கும் ஓபிடி (OPT) அனுமதி போய்விடும், அதையும் மறக்க வேண்டாம்.

ஆகஸ்டில் சேர்ந்தால் உங்களுக்குத் தோதான காலம் அடுத்த கோடை. அந்தக் கோடைக்கு இடம் தேட வேண்டியது டிசம்பரிலேயே. சேரும் முன்பே, விசாவுக்காகப் பள்ளி தரும் ஐ-20 தாளில் உள்ள சிஐபி எண்ணையும் (உங்கள் படிப்பு எந்தத் துறை என்று காட்டும் குறியீடு) பாருங்கள். எபிடெமியாலஜி (நோய்ப் பரவலியல்), பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் (உயிர்ப் புள்ளியியல்) இரண்டும் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உண்டு, ஓபிடிக்கு மேல் 24 மாதம் நீட்டிக்கலாம். வெறும் 'பொது சுகாதாரம்' என்ற பொது எண்ணுக்கு அது இல்லை. இதைப் பட்டம் வாங்குகிற மாதத்தில் கண்டுபிடித்து அழுதவர்களை எனக்குத் தெரியும்.

ஆராய்ச்சி என்றதும் எல்லோரும் புதிதாக ஒரு சர்வே எடுக்க ஆசைப்படுவார்கள். இரண்டு வருடப் படிப்பில் அது ஆபத்தான ஆசை. மனிதர்களிடம் தகவல் திரட்டினால் ஐஆர்பி (IRB) என்ற ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், அதற்குள் ஒரு செமஸ்டர் கரைந்துவிடும். அதற்குப் பதிலாக, யாரும் இறக்கிக்கொள்ளக்கூடிய பொதுத் தரவு கொட்டிக்கிடக்கிறது. என்ஹேன்ஸ் (NHANES) என்ற அமெரிக்க தேசிய உடல்நல ஆய்வில் நேர்காணலோடு ரத்தப் பரிசோதனை, உடல் பரிசோதனை முடிவுகளும் உண்டு. சில சுற்றுகளில் பல் பரிசோதனையும் இருக்கிறது, உங்களுக்கென்றே வைத்த மாதிரி! உடல்நலப் பழக்கங்களைப் பற்றி 1984இல் தொடங்கிய பி.ஆர்.எஃப்.எஸ்.எஸ். (BRFSS) தொலைபேசி ஆய்வில் வருடத்துக்கு 4 லட்சத்துக்கு மேற்பட்ட பெரியவர்களிடம் கேட்கிறார்கள். ஆர் (R) அல்லது சாஸ் (SAS) என்ற புள்ளியியல் மென்பொருள் கொஞ்சம் கற்றுக்கொண்டு, இவற்றில் ஒன்றை வைத்து ஒரு சின்ன அட்டவணை போட்டுக்கொண்டு பேராசிரியரிடம் போங்கள். "ஆர்வம் இருக்கிறது" என்று எழுதும் மின்னஞ்சலைவிட அந்த அட்டவணை நன்றாகப் பேசும்.

என் களப்பயிற்சி ஒரு கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) சுகாதாரத் துறையின் தடுப்பூசிப் பிரிவில். பெரிதாக ஏதோ செய்யப்போகிறேன் என்று போனால், கையில் ஒரு போன் பட்டியல். இரண்டாவது டோஸ் போடாத குழந்தைகளின் பெற்றோரைக் கூப்பிட வேண்டும். பாதி எண்கள் தப்பு. எடுத்தவர்களில் பலர், "ஊசி வேண்டாம் என்று இல்லை, உங்கள் கிளினிக் மூடிய பிறகுதான் எனக்கு ஷிஃப்ட் முடிகிறது" என்றார்கள். தடுப்பூசித் தயக்கம் என்று வகுப்பில் மூன்று வாரம் படித்தோம். கடிகாரம் பற்றி யாரும் சொல்லவில்லை. அதையே எழுதி, கிளினிக் நேரத்தை மாற்றக் கேட்கும் அறிக்கையாகச் செய்யலாம் என்று இருந்தபோது என் மேற்பார்வையாளர் வேறு வேலைக்குப் போய்விட்டார். என்ன செய்து தரப் போகிறேன் என்று எழுத்தில் எதுவும் இல்லை. அடுத்து வந்தவருக்கு நான் யாரென்றே தெரியாது. ஆறு வாரம் வீண். ஆகவே முதல் வாரத்திலேயே இரண்டு படைப்புகளும் என்னென்ன என்று ஒப்பந்தத்தில் எழுதி, அந்த அலுவலகத்தில் இன்னொருவருக்கும் நகல் கொடுத்து வையுங்கள்.

நெட்வொர்க்கிங் என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது, அறிமுகம் என்று வைத்துக்கொள்வோம். பள்ளியின் பழைய மாணவர்களில் நீங்கள் விரும்பும் வேலையில் இருப்பவருக்கு நான்கு வரி எழுதுங்கள். யார் நீங்கள், அவர் வேலையில் எது உங்களை இழுத்தது, 20 நிமிடம் பேச முடியுமா, அவ்வளவே. வேலை இருக்கிறதா என்று அந்த மின்னஞ்சலில் கேட்காதீர்கள். பத்துப் பேருக்கு எழுதினால் மூன்று பேர் பதில் போடுவார்கள், எனக்கு அப்படித்தான். பேசி முடித்த மறுநாள் நன்றி எழுதுங்கள். அவர் சொன்ன ஒன்றைச் செய்து பார்த்துவிட்டு மாதம் கழித்து மறுபடி எழுதினால்தான் அவருக்கு உங்கள் பெயர் நிற்கும்.

1872இல் தொடங்கிய ஏபிஎச்ஏ (APHA) என்ற அமெரிக்கப் பொது சுகாதாரச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் இலையுதிர் காலத்தில் நடக்கும், ஆய்வுச் சுருக்கத்தை அதற்குப் பல மாதங்கள் முன்பே அனுப்ப வேண்டும். அங்கே பெரிய பேச்சாளர்களைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் முண்டியடிக்க வேண்டாம். என் ஆய்வை விளக்கி வைத்த போஸ்டருக்கு ஒரு மணி நேரம் யாருமே வரவில்லை. பக்கத்துப் போஸ்டர்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன், அவர் ஒரு மாநில சுகாதாரத் துறையில் டேட்டா பார்ப்பவர். அங்கே ஆள் எடுக்கும் விளம்பரத்தை அடுத்த வசந்தத்தில் எனக்கு அனுப்பிவைத்தது அவர்தான்.

கார் விஷயம். பெரிய நகரத்தில் பஸ், ரயிலிலேயே சமாளிக்கலாம். கவுண்டி வேலை என்றால் பல அறிவிப்புகளிலேயே ஓட்டுநர் உரிமம் கேட்டிருப்பார்கள். வீடு வீடாகப் போகிற ஆய்வில் நான் எப்போதும் சக ஊழியரின் வண்டியில் ஒட்டிக்கொண்டுதான் போனேன், அவருக்கு லீவு என்றால் எனக்கும் லீவு. கார் வாங்க வேண்டியதில்லை, உரிமத்தை மட்டும் முதல் குளிர்கால விடுமுறையில் எடுத்துவிடுங்கள்.