அந்தப் பழிவாங்கும் படம் ஏன் ஒட்டவில்லை?

வேலூரில் எடுத்த அந்தச் சின்ன பட்ஜெட் த்ரில்லர் ஏன் மனதில் ஒட்டவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பணத்தைக் குறை சொல்ல மாட்டேன். வறண்ட பாலாற்று மணலில் தம்பியின் ஒற்றைச் செருப்பை அண்ணன் எடுத்துத் தட்டும் காட்சிக்கு என்ன செலவு? பின்னணி இசைகூட இல்லை, நெஞ்சை அடைத்தது. அடுத்த ஷாட்டிலேயே டீக்கடையில் காமெடியன் அறை வாங்குகிறார், 'டொய்ங்' என்று சத்தம்! கால்ஷீட் கிடைத்தபோது காமெடியைத் தனியாக எடுத்து எடிட்டிங்கில் செருகினால் இப்படித்தான் ஆகும். பழிவாங்கும் கதையில் கோபம் படிப்படியாக ஏற வேண்டும். நடுவில் வரும் ஒவ்வொரு சிரிப்பும் அதைத் தரைக்கு இறக்கிவிடுகிறது. அப்புறம் கிளைமாக்ஸ். 16-ஆம் நூற்றாண்டுக் கருங்கல் கோட்டை, அகழி, இரவு, எல்லாம் இருந்தும் ஸ்லோமோஷனும் பஞ்ச் வசனமும் சேர்ந்து அந்த அண்ணனை வேறு யாரோ ஆக்கிவிட்டன.