பேச்சு கேட்பது வேலைக்கு உதவுமா?

உங்கள் மகள் உலக அரசியல், போர் வரலாறு என்று ஒரு பொதுச் சொற்பொழிவையும் விடுவதில்லை, இதெல்லாம் சோறு போடுமா என்று கேட்டிருந்தீர்கள். கேட்பது மட்டும் போடாது. எத்தனை கூட்டத்துக்குப் போனாள் என்று விண்ணப்பத்தில் எழுதினால் யாரும் இரண்டாம் முறை பார்க்க மாட்டார்கள். கேட்டதை வைத்து என்ன செய்தாள் என்பதைத்தான் பார்ப்பார்கள்.

1962 கியூபா ஏவுகணை நெருக்கடி, அதாவது சோவியத் ஒன்றியம் கியூபாவில் அணு ஏவுகணைகளை நிறுத்தியதால் அமெரிக்காவோடு போர் மூளும் நிலை வந்தது பற்றி ஒருவர் பேசுகிறார் என்று வையுங்கள். அமெரிக்க அதிபர் கென்னடி அசையவில்லை, சோவியத் தலைவர் குருஷேவ் பணிந்தார் என்பது நெடுங்காலம் சொல்லப்பட்ட கதை. துருக்கியில் நிறுத்தியிருந்த தன் ஜூபிடர் அணு ஏவுகணைகளை எடுத்துவிடுவதாக அமெரிக்கா ரகசியமாக ஒப்புக்கொண்டது பின்னால்தான் வெளியே வந்தது. பேச்சாளர் அதைச் சொன்னாரா? எந்த ஆவணத்தை வைத்துச் சொன்னார்? ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இயங்கும் நேஷனல் செக்யூரிட்டி ஆர்கைவ், ரகசியம் நீக்கப்பட்ட ஆவணங்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. அதில் தேடிப் பார்த்து அவளே இரண்டு பக்கம் எழுதட்டும். நேர்முகத் தேர்வில் காட்ட அதுதான் சரக்கு.

பேசுபவர் யார் என்பதும் முக்கியம். ஓய்வுபெற்ற தூதர் தான் எடுத்த முடிவுகளுக்கு வக்காலத்து வாங்கக்கூடும். ஆய்வு மையத்திலிருந்து வந்தவர் என்றால் அதற்குப் பணம் தருவது யார் என்று பார்க்கச் சொல்லுங்கள். அதற்காக, வெறும் பேச்சுதானே என்று ஒதுக்கவும் முடியாது. போரில் நொறுங்கிய ஐரோப்பாவைத் தூக்கி நிறுத்திய அமெரிக்க உதவித் திட்டமான மார்ஷல் திட்டம், அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் மார்ஷல் 1947 ஜூன் 5 அன்று ஹார்வர்டில் நிகழ்த்திய ஒரு சிறு உரையில்தான் தொடங்கியது.

சில கூட்டங்களில் 'சாத்தம் ஹவுஸ் விதி' என்று அறிவிப்பார்கள். லண்டனில் உள்ள சாத்தம் ஹவுஸ் என்ற வெளியுறவு ஆய்வு மையம் 1927-ல் வகுத்தது. கேட்டதைப் பயன்படுத்தலாம், யார் சொன்னார், யார் வந்திருந்தார் என்பதை வெளியிடக் கூடாது. ஆர்வத்தில் பெயரோடு சமூக ஊடகத்தில் போட்டுவிட்டால் இந்தத் துறையில் நம்பிக்கை போய்விடும்.

சரி, வேலை? வெளியுறவுப் பணி, ஐ.நா. அமைப்புகள், செய்தித்துறை, நிறுவனங்களுக்கு அரசியல் அபாயத்தைக் கணித்துச் சொல்லும் பணி என்று வழிகள் உண்டு. ஆய்வு மையங்களில் இடம் குறைவு. பெரும்பாலும் முதுகலையும் பயிற்சிப் பணி அனுபவமும் கேட்பார்கள். ரஷ்யன், சீனம், அரபு இவற்றில் ஒன்றும் கொஞ்சம் புள்ளியியலும் தெரிந்திருந்தால் போட்டியில் முன்னே நிற்கலாம். என்னைக் கேட்டால் மொழியை இப்போதே தொடங்கச் சொல்வேன்.

தேர்வு நேரத்தில் கூட்டங்களுக்கு நேரில் போக வேண்டாம் என்று தாராளமாகச் சொல்லுங்கள். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், கிரெஷாம் கல்லூரி போன்றவை தங்கள் பொது உரைகளின் பதிவுகளை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கின்றன. தேர்வு முடிந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம்.