இளம் விண்மீனருகே தூசு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எச்.எல். டாரி என்ற இளம் விண்மீனின் தூசு வட்டையும் அதன் வளையங்களையும் சிலியிலுள்ள ஆல்மா தொலைநோக்கிகள் 2014-லேயே படமாகத் தந்துவிட்டன. பிறகும் இத்தகைய வட்டுகளை அகச்சிவப்புக் குறுக்கீட்டுமானிகளால் (பல தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றுசேர்க்கும் அமைப்புகளால்) ஆராய்வது எதற்கு?

பதில்: அப்படத்தின் வளையங்கள் விண்மீனிலிருந்து பல பத்து வானியல் அலகு (ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தொலைவு) தொலைவில் உள்ளவை, பூமியைப் போன்ற கோள் உருவாகக்கூடிய உட்பகுதி முழுவதும் நடுவிலுள்ள ஒளிப்புள்ளிக்குள் அடங்கிவிடுகிறது. அங்குள்ள தூசு சூடானது. 1,500 கெல்வின் வெப்பநிலையில் அது 2 மைக்ரோமீட்டர் அலைநீளத்தையொட்டியும், 300 கெல்வினில் 10 மைக்ரோமீட்டரையொட்டியும் மிகுதியாக ஒளிர்வதால், அதை ஆராய அகச்சிவப்பே உகந்தது. ஆனால் 450 ஒளியாண்டு தொலைவில் ஒரு வானியல் அலகு, ஒரு வில்வினாடியின் (ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) ஆயிரத்தில் ஏழு பங்காகவே தெரியும், 8.2 மீட்டர் தொலைநோக்கி தனியாக நின்றால், 2 மைக்ரோமீட்டரில் ஆயிரத்தில் ஏறத்தாழ 60 பங்குக்குக் குறைந்த எதையும் பிரித்தறிவது கடினம். சிலியின் பரானல் மலையில் 130 மீட்டர் வரை விலகி நிற்கும் அத்தகைய தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றுசேர்க்கும்போது அந்த இடைவெளிக்குரிய கூர்மை கிடைக்கிறது. (ஒளி திரட்டும் திறன் மட்டும் கண்ணாடிகளின் பரப்பைப் பொறுத்ததே, ஆகவே மங்கலான விண்மீன்கள் இன்றும் சவாலாகவே உள்ளன.)

கேள்வி: படம் எடுக்காமலே வட்டின் அளவை எப்படிக் கணிக்கிறார்கள்?

பதில்: இரு தொலைநோக்கிகளிலிருந்து வரும் ஒளிக்கற்றைகள் சேரும்போது ஒளியும் இருளும் மாறிமாறி வரும் குறுக்கீட்டு வரிகள் தோன்றுகின்றன. ஒளிமூலம் புள்ளிபோல் இருந்தால் அவ்வரிகள் பளிச்சென்று தெரியும். அது அகன்றிருக்குமளவுக்கு அவை மங்கும். இம்முறையில்தான் 1920-இல் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் மைக்கல்சனும் பீசும் திருவாதிரை விண்மீனின் கோண விட்டத்தை அளந்தனர். பரானலில், இரு கற்றைகளும் கடக்கும் தூரத்தைச் சமப்படுத்தத் தரையடிச் சுரங்கத்தில் தண்டவாளத்தின் மீது கண்ணாடிகள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. காற்றுமண்டலம் வரிகளின் இடத்தைக் குலைத்துவிடும் என்றாலும், மூன்று தொலைநோக்கிகளை முக்கோணமாக இணைத்தால் அக்குழப்பம் பெருமளவு நீங்கி, வட்டு ஒருபுறம் மட்டும் கூடுதலாக ஒளிர்கிறதா என்பதும் தெரியவரும். இவ்வகையில் வெளியாகும் படங்கள் கணக்கீட்டால் மீட்டுருவாக்கப்பட்டவை. அவற்றின் நுண்விவரங்களை அப்படியே நம்பிவிடலாகாது என்பது என் கருத்து.

கேள்வி: இதுவரை தெரிந்தது என்ன?

பதில்: முதன்மையானது வட்டின் உள்விளிம்பு. தூசு விண்மீன்வரை நீண்டுள்ளதாகக் கொண்ட பழைய மாதிரிகள் கணித்ததைவிடப் பல வட்டுகளின் அகச்சிவப்பு அளவு பெரிதாக இருந்தது. ஏறத்தாழ 1,500 கெல்வினில் தூசு ஆவியாகிவிடுவதால், அந்த எல்லைக்கு உள்ளே தூசற்ற வெளி உண்டாகிறது. விளிம்பின் தொலைவும் விண்மீனின் ஒளிர்வின் வர்க்கமூலத்தை ஒட்டியே பெரும்பாலும் அமைகிறது: ஒளிர்வு 100 மடங்கானால் தொலைவு 10 மடங்காகும், மிகப் பிரகாசமான சில விண்மீன்களே இதற்கு விலக்கு. இரண்டாவது, பரானலின் மிடி என்ற அகச்சிவப்புக் குறுக்கீட்டுக் கருவியைக் கொண்டு 2004-இல் வெளியான முடிவு: சூரியனைவிடப் பெரிய மூன்று இளம் விண்மீன்களின் வட்டுகளில், சிலிக்கேட் (பாறைகளில் காணப்படும் கனிம வகை) படிகங்கள் வெளிப்பகுதியைவிட உட்பகுதியில் மிகுந்திருந்தன. படிகமாவதற்குக் கடும் வெப்பம் தேவை என்பதால் இது எதிர்பார்க்கத்தக்கதே. எனினும் குளிர்ந்த வெளிப்புறத்தில் உருவான வால்மீன்களிலும் அதே படிகங்கள் காணப்படுகின்றன. உள்ளே வெந்த தூசு வெளியே சென்று கலந்தது எவ்வாறு என்பதைத்தான், மிடிக்குப் பின் வந்த மட்டீஸ் போன்ற கருவிகளின் அளவீடுகளைக் கொண்டு இப்போது ஆராய்ந்து வருகிறார்கள்.