வாசகர் கேள்வி – பதில்: மாற்றிய இன்ஜினும் கலிபோர்னியாவின் புகைச் சோதனையும்

இன்ஜினில் மாற்றம் செய்த கார்களைப் பற்றிக் கலிபோர்னியாவில் வசிக்கும் வாசகர்கள் சிலர் எழுதிய கடிதங்கள் ஒன்றாகச் சேர்ந்ததால், இம்முறை இப்பகுதியை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். கோவையிலிருந்து வந்த ஒரு கடிதமும் அதே பொருளைத் தொடுவதால் இறுதியில் சேர்க்கப்பட்டுள்ளது.

கேள்வி: என்னிடம் 1998ஆம் ஆண்டு ஹோண்டா சிவிக் கார் இருக்கிறது. முந்தைய உரிமையாளர் ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பு வடிவ ஃபில்டர் ஒன்றைப் பொருத்தியிருந்தார். ‘ஸ்மாக் செக்’ எனப்படும் புகைச் சோதனைக்குக் கொண்டுபோனபோது, புகையில் அளந்த வாயுக்கள் யாவும் வரம்புக்குள்தான் இருந்தன. ஆனாலும் கார் தேறவில்லை என்று அறிக்கை கொடுத்துவிட்டார்கள். புகை சுத்தமாக இருக்கும் கார் எப்படித் தோற்கும்?
– வாசகர், ஃப்ரீமான்ட்

பதில்: உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் ஸ்மாக் செக் என்பது புகையை அளப்பதோடு முடிவதில்லை. உங்களுடையதைப் போன்ற 1976 முதல் 1999 வரையிலான பெட்ரோல் கார்களை, பெரும்பாலான நகர்ப்பகுதிகளில், உருளைகளின்மேல் சுமை கொடுத்து மணிக்கு 15 மைல், 25 மைல் வேகங்களில் ஓடவிட்டு, ஹைட்ரோகார்பன், கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு ஆகியவற்றை அளக்கிறார்கள். அதனுடன், மாசுக் கட்டுப்பாட்டு உறுப்புகள் அனைத்தும் இருக்கின்றனவா, மாற்றப்பட்டுள்ளனவா என்று பானெட்டைத் திறந்து கண்ணால் பார்க்கும் சோதனையும், அவை வேலை செய்கின்றனவா என்று பார்க்கும் சோதனையும் உண்டு. இவற்றில் ஒன்றில் தவறினாலும் கார் தவறியதாகவே கொள்ளப்படும். உங்கள் அறிக்கையை மறுபடி எடுத்துப் பாருங்கள். கண்ணால் பார்க்கும் சோதனைப் பகுதியில் ஏதேனும் ஓர் உறுப்புக்கு எதிரே ‘மாற்றப்பட்டது’ என்று குறித்திருப்பார்கள்.

இது வெறும் சம்பிரதாயம் அன்று. கம்பெனி பொருத்தும் ஏர் ஃபில்டர் குழாயில், இன்ஜினின் வால்வு மூடியிலிருந்து வரும் ஒரு சிறு ரப்பர் குழாய் வந்து சேரும். பிஸ்டன்களைத் தாண்டிக் கசியும் வாயுவை வெளியே விடாமல் மீண்டும் இன்ஜினுக்குள்ளேயே இழுத்து எரிக்கும் அமைப்பின் ஒரு பகுதி அது. கூம்பு ஃபில்டர் பொருத்தும்போது, பலரும் அந்தக் குழாயைத் துண்டித்து அதன் முனையில் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு குட்டி ஃபில்டரைச் சொருகிவிடுகிறார்கள். அந்த வாயு அங்கிருந்து நேரே காற்றில் கலக்கிறது. சைலன்சர் வாயில் நுழைத்த கருவி அதை எந்தக் காலத்திலும் காணப்போவதில்லை. கண்ணால் பார்க்கும் சோதனை இருப்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை.

கலிபோர்னியா வாகனச் சட்டத்தின் 27156ஆம் பிரிவு, மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பின் அசல் வடிவையோ செயல்பாட்டையோ மாற்றும் பொருள்களை விற்பதையும் பொருத்துவதையும் தடை செய்கிறது. இதற்கு விலக்குப் பெற ஒரு வழி உண்டு. உதிரிப்பொருளைத் தயாரிக்கும் நிறுவனம் அதைக் கலிபோர்னியா காற்று வள வாரியத்திடம் சோதனைக்குக் கொடுத்து, மாசு கூடவில்லை என்று நிறுவினால், வாரியம் அதற்கு ஒரு நிர்வாக ஆணை எண் வழங்கும். மெக்கானிக்குகள் இதை ‘ஈ.ஓ. எண்’ என்பார்கள், பெரும்பாலும் ‘டி’ என்ற எழுத்தில் தொடங்கும். அந்த எண் அச்சிட்ட ஸ்டிக்கர் பொருளின் மேலோ அருகிலோ, சோதிப்பவர் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும்.

ஆகவே உங்கள் ஃபில்டரின் தயாரிப்பாளர் பெயரையும் பாக எண்ணையும் கண்டுபிடித்து, வாரியத்தின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். ஆணை கிடைத்தால், அதன் பட்டியலில் உங்கள் காரின் ஆண்டு, மாடல், இன்ஜின் ரகம் மூன்றும் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இருந்தால், உதிர்ந்துபோன ஸ்டிக்கருக்குப் பதிலாக வேறொன்றைத் தயாரிப்பாளரிடமே கேட்டு வாங்கி, ஆணையின் நகலையும் எடுத்துச் செல்லலாம். இல்லையென்றால், வாகன உடைப்புக் கடையில் பழைய பெட்டியையும் குழாயையும் தேடி வாங்கிப் பொருத்துவதே சிக்கனமான வழி. இணையத்தில் ஸ்டிக்கரை மட்டும் தனியாக விற்கிறார்கள். அந்தப் பக்கம் போகவே வேண்டாம், ஏனெனில் பாக எண் பொருந்தாத ஸ்டிக்கர் உங்களைக் கவனக்குறைவானவர் என்ற நிலையிலிருந்து ஏமாற்றுபவர் என்ற நிலைக்குக் கொண்டுபோய்விடும்.

அடுத்து ஹெடர், அதாவது இன்ஜினிலிருந்து புகையை வாங்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பதிலாகப் போடும் குழாய்த் தொகுதி, மாற்றும் எண்ணம் இருந்தால், ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் காரின் தலைமுறையைச் சேர்ந்த சில சிவிக் ரகங்களில், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுடன் ஒட்டியே இருக்கும். வேறு ரகங்களில் கீழே தனியாக இருக்கும். முதல் வகையில் ஹெடர் போட்டால் கன்வெர்ட்டரே இடம்பெயர்ந்துவிடும். ஆணையில் இன்ஜின் ரகத்தைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள சைலன்சரை மாற்றுவதற்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே 95 டெசிபல் என்ற ஒலி வரம்பு மட்டுமே குறுக்கே நிற்கும்.

கேள்வி: 2016ஆம் ஆண்டு சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ். காரில் இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டியிருக்கிறேன். பல ஆண்டுகளாகச் சோதனையே தேவைப்படவில்லை. இப்போது ஸ்மாக் செக் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. முதல் நாள் இரவு கம்பெனி மென்பொருளை ஏற்றிக்கொண்டு போய், தேறியபின் பழையபடி மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள் நண்பர்கள். இது சரிவருமா?
– வாசகர், சான் ஹோசே

பதில்: முதலில், உங்கள் கார் இத்தனை ஆண்டுகள் சோதனைக்குப் போகாததற்குக் காரணம், பெட்ரோல் கார்களுக்கு முதல் எட்டு மாடல் ஆண்டுகள் வரை இரண்டாண்டுச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு என்பதுதான். சோதனைக்குத்தான் விலக்கே தவிர, மேலே சொன்ன 27156ஆம் பிரிவுக்கு அன்று. அந்த ஆண்டுகளிலும் போலீஸ்காரர் பானெட்டைத் திறக்கச் சொல்லி, அந்தப் பிரிவின் கீழ் வழக்குப் பதிந்திருக்கலாம்.

2000ஆம் ஆண்டு மாடல் முதலான பெட்ரோல் கார்களுக்குப் புகைக்குழாயில் கருவி நுழைப்பதில்லை. காரின் கணினியோடு கம்பியை இணைத்துக் கேள்வி கேட்கிறார்கள். 2021 ஜூலை 19 முதல் அந்தக் கேள்விகளுடன், கணினியில் இருப்பது தயாரிப்பாளரின் மென்பொருள்தானா என்பதும் சேர்ந்துவிட்டது. ஒவ்வொரு மென்பொருள் பதிப்புக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கப்படும் சரிபார்ப்பு எண் ஒன்றும் உண்டு. அடையாள எண்ணை அப்படியே விட்டு, எரிபொருள் அட்டவணையில் ஒரேயொரு இலக்கத்தைத் திருத்தினாலும், சரிபார்ப்பு எண் வேறாகிவிடும். இரண்டும் தயாரிப்பாளர் கொடுத்த பட்டியலோடு ஒத்துப்போகவில்லை என்றால், வாரியத்தின் ஆணை பெற்ற மென்பொருளாக இருந்தாலொழிய, கார் தவறிவிடும்.

இனி, முதல் நாள் இரவு உத்திக்கு வருவோம். மென்பொருளை மாற்றி எழுதியதும் கணினி தன் சுயசோதனைகளின் முடிவுகளை அழித்துவிடும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், ஆக்சிஜன் சென்சார் முதலியவற்றை ஓட்டத்தின்போது கணினி தானே சோதித்து முடித்திருக்க வேண்டும். உங்கள் ஆண்டு காருக்கு, பெட்ரோல் ஆவி அமைப்பின் சோதனை ஒன்றுமட்டும் முடியாமல் இருக்கலாம், மற்றவை முடிந்தாக வேண்டும். குளிர்ந்த இன்ஜினைத் தொடங்கி, நகரத்திலும் நெடுஞ்சாலையில் சீரான வேகத்திலும் சில நாள்களேனும் ஓட்டினால்தான் அவை முடியும். போதாக்குறைக்கு, 2010ஆம் ஆண்டு முதலான கார்களில், ஸ்கேனரால் அழிக்க முடியாத நிரந்தரப் பிழைக்குறிகளையும் 2019 ஜூலை முதல் பார்க்கிறார்கள். குறிகளை அழித்தபின் 15 முறை இன்ஜின் சூடேறி, 200 மைலும் ஓடியிருந்தால் மட்டுமே அவற்றைக் கண்டுகொள்ளாமல் விடுவார்கள்.

கம்பெனி மென்பொருளுக்குத் திரும்பி, இரண்டு வாரம் சாதாரணமாக ஓட்டிவிட்டுப் போனால் நீங்கள் தேறக்கூடும். ஆனால் வீட்டுக்கு வந்து பழையபடி மாற்றும் நிமிடத்தில் கார் மீண்டும் சட்டவிரோதமாகிறது. அந்த யோசனைக்கு நான் துணைபோக மாட்டேன். சில டியூனிங் நிறுவனங்கள் தங்கள் மென்பொருளுக்கு ஆணை எண் பெற்று விற்கின்றன. சக்தி சற்றுக் குறைவாகக் கிடைத்தாலும், உங்கள் மாடலுக்கு அப்படி ஒன்று இருந்தால் அதையே வாங்குங்கள். காரை விற்கும் நாளிலும் இது உதவும்: கலிபோர்னியாவில் 90 நாள்களுக்குள் எடுத்த ஸ்மாக் சான்றைக் கொடுக்கும் பொறுப்பு விற்பவருடையது.

கேள்வி: என் 1992ஆம் ஆண்டு மாஸ்டா மியாட்டாவின் 1.6 லிட்டர் இன்ஜின் ஓய்ந்துவிட்டது. 2006ஆம் ஆண்டு ஹோண்டா அக்கார்டின் 2.4 லிட்டர் இன்ஜினைப் பொருத்த விரும்புகிறேன். சட்டப்படி செய்ய முடியுமா, அல்லது கனவாகவே போகுமா?
– வாசகர், சாக்ரமெண்டோ

பதில்: செய்ய முடியும், ஆனால் இன்ஜினை மட்டும் மாற்றுவதாக எண்ணாமல், அக்கார்டின் மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பு முழுவதையும் மியாட்டாவுக்குள் குடியேற்றுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். விதிகளின் சாரம் இது: வரும் இன்ஜின், காரின் ஆண்டைச் சேர்ந்ததாகவோ அதற்குப் பிந்தையதாகவோ இருக்க வேண்டும், அதே வாகன வகையில் சான்று பெற்றிருக்க வேண்டும், அதாவது பயணிகள் காருக்குள் கனரக வாகன இன்ஜின் வரக்கூடாது, கார் கலிபோர்னியாச் சான்று பெற்றதென்றால் இன்ஜினும் அவ்வாறே இருக்க வேண்டும். கடைசி இரண்டையும் அறிய, இன்ஜின் எடுக்கப்படும் அக்கார்டின் பானெட்டுக்கு அடியில் ஒட்டியுள்ள மாசுக் கட்டுப்பாட்டு லேபிளைப் படம் எடுத்து வையுங்கள். உடைப்புக் கடையில் பானெட் தனியாகவும் இன்ஜின் தனியாகவும் பிரிவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

பிறகு, 2006ஆம் ஆண்டின் அமைப்பு முழுமையாக வேலை செய்ய வேண்டும். கணினி, கன்வெர்ட்டர், இரண்டு ஆக்சிஜன் சென்சார்கள், சோதனைக் கருவியின் கம்பியைச் செருகும் இணைப்பு, டாஷ்போர்டில் எரியக்கூடிய ‘செக் இன்ஜின்’ விளக்கு ஆகிய அனைத்தும் வேண்டும். கன்வெர்ட்டரை இன்ஜினிலிருந்து அக்கார்டில் இருந்த தூரத்திலேயே வைக்க வேண்டும். தள்ளி வைத்தால் அது சூடேறி வேலை செய்யத் தொடங்கத் தாமதமாகும், ஒரு பயணத்தின் மாசில் பெரும்பங்கு அந்த முதல் நிமிடங்களில்தான் வெளியேறுகிறது. பெரும்பாலானோர் மறப்பது பின்பக்கத்தை. பெட்ரோல் டேங்கிலிருந்து எழும் ஆவியை அடக்கும் கரிக் கலனும், டேங்கின் அழுத்தத்தைப் பார்க்கும் சென்சாரும் 1992 மியாட்டாவில் உள்ள அமைப்போடு ஒத்துவராது. அக்கார்டின் கணினியோ அவற்றைத் தேடிக்கொண்டே இருக்கும். பணத்தையும் பொறுமையையும் அதிகம் கேட்கும் பகுதி அதுதான்.

வேலை முடிந்ததும் சாதாரண ஸ்மாக் நிலையத்துக்குப் போகாதீர்கள். இன்ஜின் மாற்றிய கார்களை வாகனப் பழுதுபார்ப்புப் பணியகத்தின் ‘ரெஃப்ரி’ எனப்படும் சிறப்புச் சோதனையாளரே முதலில் பார்க்க வேண்டும். முன்பதிவு செய்து, லேபிள் படங்கள், ரசீதுகள் எல்லாவற்றோடும் செல்லுங்கள். தேறினால் கதவுச் சட்டத்தில் ஒரு லேபிள் ஒட்டுவார். எந்த இன்ஜின், எந்தெந்தக் கருவிகள் என்பது அதில் இருக்கும். அதன்பின் எந்த நிலையத்திலும் அந்த லேபிளின்படியே சோதிப்பார்கள். இதைவிட நல்ல யோசனை, இன்ஜின் வாங்கும் முன்பே ரெஃப்ரி அலுவலகத்தை அழைத்துக் கேட்டுவிடுவது. ஜப்பானிலிருந்து மலிவாக இறக்குமதியாகும் இன்ஜின்களைப் பற்றி நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். அமெரிக்க மாடலுக்கு அது நிகரானது என்று நிறுவும் பாரம் உங்கள் தலையில்தான் விழும்.

கேள்வி: 1974ஆம் ஆண்டு கார் வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையாமே?
– வாசகர், ஃபிரெஸ்னோ

பதில்: ஆம், 1975 வரையிலான கார்களுக்கு ஸ்மாக் செக் இல்லை. 35 ஆண்டுகளைத் தாண்டிய கார்கள் சிலவற்றுக்கும் விலக்கை நீட்டிக்க, ‘லெனோ சட்டம்’ என்று அழைக்கப்பட்ட ஒரு மசோதா 2025இல் வந்தது. நகைச்சுவைக் கலைஞர் ஜே லெனோவே நேரில் போய் ஆதரித்தும், அது சட்டமன்றக் குழுவில் நின்றுவிட்டது. எனவே 1976 என்ற கோடு அப்படியே இருக்கிறது. 1974ஆம் ஆண்டு கார் உங்களுக்கு உண்மையிலேயே பிடித்திருந்தால் வாங்குங்கள். சோதனைக்குப் பயந்து வாங்காதீர்கள், ஏனெனில் அரை நூற்றாண்டு பழைய காரின் துருவும் பிரேக்கும் ஸ்மாக் செக்கைவிட அதிகம் செலவு வைக்கும்.

கேள்வி: என் பி.எஸ். 4 டீசல் காரை ரீமேப் செய்து (இன்ஜின் மென்பொருளை மாற்றி), புகைக்குழாயில் இருந்த டீசல் துகள் வடிகட்டியையும் எடுத்துவிட்டேன். அதன்பிறகும் புகைச் சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். அப்படியானால் கார் சட்டப்படி சரியானதுதானே?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இல்லை. இங்கே நடப்பது ஃப்ரீமான்ட் வாசகரின் நிலைக்கு நேர் எதிர். அங்கே புகை தேறியும் கார் தோற்றது. இங்கே பானெட்டைத் திறக்காமலேயே கார் தேறிவிட்டது. நம்முடைய சான்றிதழ் டீசல் காருக்கு அளப்பது, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது வரும் புகையின் அடர்த்தியை மட்டுமே, பி.எஸ். 4 கார்களுக்கு வரம்பு, புகை ஒளியை மறைக்கும் அளவில், மீட்டருக்கு 1.62. வடிகட்டி இருக்கிறதா என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வாகனத்தை உரிமையாளர் மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் மாற்றி எழுதப்பட்ட 182ஏ பிரிவின்படி, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். இன்ஜினையே மாற்றுவதானாலும், சி.என்.ஜி. கிட் பொருத்துவதானாலும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் அனுமதியும் ஆர்.சி. புத்தகத்தில் பதிவும் வேண்டும். விபத்து நேர்ந்தால், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். எடுத்த வடிகட்டி கைவசம் இருந்தால், அதைத் திரும்பப் பொருத்தச் சொல்லுங்கள். பிறகு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தில் கம்பெனி மென்பொருளை ஏற்றிக்கொண்டு, இரண்டுக்குமான பில்லை ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.